கெலேரா கொள்ளையடித்த கடலட்டைகள்

படகு மணலைத் தொடுவதற்கு முன்பே கெலேரா குதித்துவிட்டாள். முழங்காலளவு தண்ணீரில் ஒரு கையில் செருப்பும் மறு கையில் ஒரு கண்ணாடிக் கேடயமுமாக அவள் ஓடி வந்ததைப் பார்த்து, கரையில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்த நான் எழுந்துவிட்டேன். என்னவோ ஏதோ என்று பயந்துபோனேன். தலைநகர் சுவாவில் ஒரு போட்டியில் அவள் ஜெயித்துவிட்டாளாம். அதைச் சொல்லத்தான் அந்த ஓட்டம்.

கெலேரா எங்கள் வீட்டில் தங்கியிருந்த ஆராய்ச்சி மாணவி. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவள். எங்கள் நமவுலா கிராமத்துக் கடல் திட்டில் கடலட்டைகளைப் பற்றி ஆராய இரண்டு வருடத்துக்கு முன் வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஒரு போட்டி நடத்துகிறார்கள். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவர்கள் தங்கள் ஆராய்ச்சியை, அதைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்குப் புரியும்படி மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும். பின்னால் ஒரே ஒரு படம், அதுவும் அசையாத படம். கையில் எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரு நொடி போனாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

சமையலறையில் என்னை உட்காரவைத்து, கைபேசியில் மணி வைத்துவிட்டு, முழுவதையும் பேசிக் காட்டினாள். மரவள்ளி வெந்துகொண்டிருந்தது. மூன்று நிமிடம் முடிந்து மணி அடித்ததும் அவள் வாய் மூடியதும் ஒன்றாக நடந்தது. முகமெல்லாம் வியர்வை. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எனக்கே எல்லாம் புரிந்தது. அதைச் சொன்னேன். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

“சுவால முன்னூறு பேர் இருந்தாங்கக்கா. ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. அப்படிக் கேட்டாங்க.”

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லா வம்பும் ஆரம்பித்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் கெலேரா யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

அவள் வதுதாமு என்ற மலையூர்க்காரி. பதினோரு வயது வரை கடலைப் பார்த்ததில்லை. எங்கள் ஊருக்கும் அவள் ஊருக்கும் தவுவு உறவு. இரண்டு ஊரும் ஆதியில் ஒரே தெய்வத்திடமிருந்து வந்தவை என்பது கணக்கு. மாமன் மகனும் அத்தை மகளும் செய்கிற கேலியை ஊருக்கு ஊர் செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்த இடத்தில் திட்டிக்கொள்ளலாம், திட்டித்தான் ஆகவேண்டும். கோபித்துக்கொள்ளக் கூடாது. இன்னொன்றும் உண்டு. ஒரு தவுவு மற்றவரின் பொருளை எடுத்துக்கொண்டால் திருப்பிக் கேட்க முடியாது.

அவள் வந்த முதல் வாரமே தொரிக்கா அக்கா கொடியில் காய்ந்த அவளுடைய புது மஞ்சள் மழைக்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தொரிக்கா என்றால் எங்கள் ஊரில் கடலட்டை பொறுக்கும் பெண்களுக்கெல்லாம் முன்னோடி. புருஷன் போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது, வாய் மட்டும் இன்னும் கல்யாண வீட்டில்தான் இருக்கிறது. மறுநாள் கெலேரா அவள் வீட்டுக்குப் போய் முட்டையிடுகிற கோழியைத் தூக்கி வந்தாள். அன்றிலிருந்து இருவரும் உயிர். தொரிக்காதான் அவளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தாள், கொடுத்துக்கொண்டே “மலைப் பன்னி மிதக்குது பாருங்க” என்று கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். முதன்முதலாகப் பச்சைக் கடலட்டையை எலுமிச்சையும் மிளகாயும் போட்டுக் கொடுத்தபோது கெலேரா ரப்பர் செருப்பை மெல்லுவது போல் அரை மணி நேரம் மென்றுவிட்டு, வெளியே ஓடிப்போய்த் துப்பினாள். அந்தக் கதை பக்கத்துத் தீவு வரை போயிருக்கிறது.

எதையும் யாருக்காவது விளக்காமல் அவளால் இருக்க முடியாது. படகோட்டிக்கு விளக்குவாள், ரொட்டிக் கடையில் விளக்குவாள், எங்கள் வீட்டு நாய்க்கும் விளக்கியிருக்கிறாள். ஆனால் ஊர்க்காரர்களிடம் மட்டும் இரண்டாவது வாக்கியத்தைத் தாண்ட முடிந்ததில்லை. அவள் வாயைத் திறந்ததும் யாராவது ஒருவர், மலையில் கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்பார். அதோடு பேச்சு சிரிப்பில் முடிந்துவிடும். இரண்டு வருடமாக அவள் என்ன கண்டுபிடித்தாள் என்பது ஊரில் என்னைத் தவிர யாருக்கும் சரியாகத் தெரியாது.

அவள் கண்டுபிடித்தது பெரிய விஷயம். எங்கள் திட்டில் கடலட்டை அருகிப்போனதால் மூன்று வருடமாக அங்கே யாரும் கை வைக்கக் கூடாது என்று ஊர் கட்டுப்பாடு. தென்னோலை கட்டிய தடைக் கழி ஒன்று திட்டின் நடுவே நிற்கிறது. மூன்று வருடம் காத்தும் கடலட்டை பெருகவில்லை. ஏன் என்பதற்கு அவள் விடை கண்டாள். கண்டதோடு நிற்கவில்லை. ஆராய்ச்சிக்கென்று தலைவரிடம் அனுமதி வாங்கி, அவளும் தொரிக்காவும் நானும் இன்னும் இரண்டு பெண்களுமாகத் திட்டு முழுக்கத் தேடிக் கிடைத்த நூற்று எண்பத்தாறு கடலட்டைகளைக் கொண்டுவந்து, ஊருக்கு எதிரே கண்டல் கழி நட்டு, வலை கட்டி, ஒரே பட்டியில் விட்டோம். தொரிக்கா ஏன் எதற்கென்று கேட்கவில்லை. தவுவு கேட்டாள், செய்தாள். எங்கள் பக்கம் ஆண்டுக் கடைசியில் வரும் வெயில் காலத்து அமாவாசைகளில் அவை குஞ்சு பொரிக்க விதை விடும் என்பது கெலேராவின் கணக்கு. அதைக் கண்ணால் பார்த்து எழுதினால்தான் அவள் ஆராய்ச்சி முடியும். எங்கள் கடலுக்கும் மறுபடி உயிர் வரும்.

ஆனால் நவம்பர் கடைசியில் வட்டாரத்துச் சர்ச்சுகள் எல்லாம் எங்கள் ஊரில் கூடுவதாக இருந்தது. நானூறு பேருக்குச் சாப்பாடு. நமவுலா என்றால் கடலட்டை. அது இல்லாத விருந்தை எங்கள் ஊர் போட்டால் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. வெள்ளிக்கிழமை காலை தடைக் கழியைப் பிடுங்கித் திட்டைத் திறப்பதாக ஏற்பாடு. திட்டில் ஏது கடலட்டை? இருந்ததெல்லாம் பட்டியில்தான் இருந்தது.

பட்டியை விருந்துக்குப் பிறகும் விட்டுவைக்கும்படி கேட்க, திங்கட்கிழமை ஊர்க் கூட்டத்தில் அவளுக்கு நேரம் கொடுத்தார் ஊர்த் தலைவர் நெத்தானி. எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்டார். மூன்று நிமிடம் போதும் என்றாள். அவள் கண் மின்னியதை நான் பார்த்தேன்.

கூட்டத்துக்கு அவள், பெரியவர்கள் இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர் ஒரு கட்டு கொண்டுவந்தாள். முறைப்படி தலைவர் முன் வைத்துவிட்டு, நல்ல மொழியில், மெதுவாகச் சொன்னாள்:

“மதிப்பிற்குரிய பெரியோர்களே, இன்று மூன்று நிமிடத்துக்கு மட்டும் நம் கேலியைத் தள்ளி வைக்க வேண்டுகிறேன். நான் சொல்லப்போவது விளையாட்டு அல்ல.”

நான் பெண்கள் வரிசையில் கடைசியில், கதவோரம் இருந்தேன். எனக்கு அங்கிருந்து எல்லார் முகமும் தெரியும். தொரிக்கா எதையோ சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டாள். எபராமா, ஊரில் யாரைக் கேட்டாலும் முதல் சோம்பேறி என்று அவரைத்தான் காட்டுவார்கள், பாதி சுருட்டிய புகையிலையைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தார். தலைவர் முதுகை நிமிர்த்தி, கைலியை முட்டிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். கக்கூஸ் குழியை எப்படி வெட்டுவது என்று சொல்ல அரசாங்கத்து ஆள் வந்தபோது அவர் இப்படித்தான் உட்கார்ந்தார்.

கெலேரா பேசினாள். சுவரில் ஒரு படம். கைகளை அளவாக அசைத்தாள். சுவாவில் எப்படிப் பேசினாளோ அப்படியே, ஒரு சொல் குறையாமல். கூடத்தில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. மூன்று நிமிடம் முடிந்தது. ஆண்கள் மரியாதைக்குக் கைகளைக் குவித்து மூன்று முறை தட்டினார்கள். தலைவர் அவளுடைய படிப்பையும், அவளைப் பெற்றவர்களையும், பல்கலைக்கழகத்தையும் வாழ்த்தி அவள் பேசியதைவிட நீளமாக நன்றி சொன்னார். பிறகு வெள்ளிக்கிழமை யார் யார் எத்தனை கூடை கொண்டுவர வேண்டும் என்று அடுத்த விஷயத்துக்குப் போனார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் குதித்துக்கொண்டு வந்தாள். பாதையில் கிடந்த தேங்காயைக் காலால் உதைத்தாள்.

“பாத்தீங்களாக்கா, ஒருத்தர்கூட வாயே திறக்கலை.”

“அதான்” என்றேன்.

நின்றுவிட்டாள். “அதான்னா?”

எனக்கு இப்படிப்பட்ட நேரங்களில் சொல் வராது. வந்ததைச் சொன்னேன். “உன்னை விருந்தாளி ஆக்கிட்டாங்க கெலேரா.”

அவள் நம்பவில்லை. கூடைக் கணக்கு வேறு ஏதோ மீனுக்கு என்று நினைத்திருக்கிறாள். மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் தொரிக்கா எதிரே வந்தாள். பாதையை விட்டு ஒதுங்கி, தலையைத் தாழ்த்தி, “காலை வணக்கம், மிஸ் கெலேரா” என்றாள். மஞ்சள் மழைக்கோட்டு மடித்து, எங்கள் வீட்டுப் படியில் வைக்கப்பட்டிருந்தது.

அதைப் பார்த்ததும்தான் கெலேராவுக்கு உறைத்தது. கோட்டை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே வெகுநேரம் இருந்தாள். இரண்டு வருடமாகப் போட்டு அதன் முழங்கையில் ஓட்டை விழுந்திருந்தது. தொரிக்கா அதை மீன் வலை நூலால் தைத்திருந்தாள். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது என்றால் எங்களிடையே உறவு முடிந்தது என்று அர்த்தம். நான் தேநீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. தான் கேட்டதென்ன, கேட்டு வாங்கியதென்ன என்று தனக்குள்ளே முணுமுணுத்தாள். சுவாவில் சத்தமில்லாமல் கேட்டால் மனதில் வாங்குகிறார்கள் என்று பொருள். நமவுலாவில் சத்தமில்லாமல் கேட்டால், எப்போது முடியும் என்று காத்திருக்கிறார்கள் என்று பொருள். அவள் பிறந்த ஊரிலும் அப்படித்தான். ஆறு வருடப் படிப்பில் அது மறந்துபோயிருந்தது.

அப்புறம் மெதுவாக அவள் முகம் மாறியது. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எடுத்தா திருப்பிக் கேக்க முடியாது, இல்லக்கா?” என்றாள். என்ன நினைக்கிறாள் என்று அவள் சொல்லவில்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் நல்ல பிள்ளையாக எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை நீர் நன்றாக வற்றியிருந்தது. திட்டு கண்ணுக்கெட்டிய தூரம் ஈரமாக மின்னியது. ஊரே கூடைகளோடு இறங்கியது. தலைவர் முன்னால், போதகர் பக்கத்தில். தடைக் கழியைப் பிடுங்கி ஜெபம் செய்துவிட்டுப் பட்டிக்குப் போவதாகத் திட்டம். போகிற வழியில் பட்டியை நெருங்கியதுமே எல்லாரும் நின்றார்கள்.

பட்டியின் நடுவே, கணுக்கால் அளவு தண்ணீரில், எங்கள் வீட்டு ஸ்டூலைப் போட்டு கெலேரா உட்கார்ந்திருந்தாள். நான்கு மூலைக் கழியிலும் அவளுடைய பாவாடை, சட்டை, துண்டு, இன்னொரு பாவாடை கொடி மாதிரிப் பறந்தன. தலையில் எங்கள் வீட்டுக்காரரின் பழைய ஓலைத் தொப்பி.

“ஏய் மீன் செதில் மூஞ்சிகளா, கூடையைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போங்க. உள்ள இருக்கிறது பூரா என்னுது. எடுத்துக்கிட்டேன்.”

யாரும் அசையவில்லை. போதகர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தண்ணீரைப் பார்த்தார். எல்லாருக்கும் முன்னால் வந்தவள் தொரிக்கா. இடுப்பில் கை வைத்து, அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“யாருடி இது? நான் மிஸ் கெலேரான்னு ஒரு பெரிய மனுஷியைத் தேடிட்டிருக்கேன். இங்க என்னடான்னா ஒரு மலைப் பன்னி சேத்துல உக்காந்திருக்கு.”

“அந்தம்மா செத்துட்டா. நேத்துதான் பொதைச்சேன்” என்றாள் கெலேரா. மடியில் வைத்திருந்த மஞ்சள் கோட்டைத் தூக்கி எறிந்தாள். தொரிக்கா அதைப் பிடித்தாள், அந்த வெயிலில் அங்கேயே மாட்டிக்கொண்டாள்.

அவ்வளவுதான், திட்டு முழுக்கச் சிரிப்பு வெடித்தது. நாலு நாளாக ஊர் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். ரப்பர் செருப்பு தின்னத் தெரியாதவளுக்கு நூற்று எண்பத்தாறு எதற்கு என்றார்கள். மலைக்கு எப்படித் தூக்கிக்கொண்டு போவாள், வாலில் கட்டியா என்றார்கள். கெலேரா ஒவ்வொன்றுக்கும் திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் தொரிக்காதான் நேராகக் கேட்டாள்.

“திங்கவும் மாட்டே. விக்கவும் தெரியாது. வச்சு என்னடி பண்ணுவே?”

“கட்டிக் கொடுப்பேன்.”

“யாரை யாருக்கு? எது ஆம்பளை, எது பொம்பளை, உனக்குத் தெரியுமா?”

“வெளியில பாத்தா யாருக்கும் தெரியாது தவுவு. அதுங்களுக்கே தெரியுமோ என்னமோ.”

எபராமா கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். மூன்று வருடம் ஒரு பயல் கை வைக்கவில்லை, அப்போதெல்லாம் கட்டிக்கொள்ளாததுகள் இப்போது மட்டும் கட்டிக்கொள்ளுமா என்று அவர் கேட்டார். பாய் விரிக்க ஆளில்லாமல் காத்திருந்தனவா என்றும் கேட்டார்.

“புருஷன் லவுத்தோக்கால, பொண்டாட்டி கடல் தாண்டி லம்பாசால. ரெண்டு பேரும் ஊரை விட்டு அசைய மாட்டாங்க. புள்ளை பொறக்குமா?” என்றாள் கெலேரா.

“தபால்ல வரும்” என்றார் எபராமா.

“அதேதான். கடலட்டையும் தபால்லதான் அனுப்புது.”

இந்த இடத்தில் அவர்கள் சிரித்தார்கள், ஆனால் யாரும் பேச்சை வெட்டவில்லை. எப்படி என்று மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அவள் சொன்னாள். ஆண் பாதி உடம்பைத் தூக்கி நின்று புகை மாதிரி விதையை விடும். பெண்ணும் அப்படியே எழுந்து முட்டையை விடும். ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டு புகையும் தண்ணீரில் கலந்தால் குஞ்சு. கலக்காவிட்டால் மீனுக்குத் தீனி.

“தொடாமலேவா? அய்யோ பாவம்” என்றாள் தொரிக்கா.

அதுவரை பேசாமல் நின்ற தலைவர் நெத்தானி முதல் தடவையாகக் கேட்டார். “இருந்தாலும் தவுவு, தண்ணி ஒன்னுதானே? இங்க விட்டாலும் அங்க விட்டாலும் சுத்திச் சுத்திக் கலந்துதானே ஆகணும்?”

அதுதான் கேள்வி. திங்கட்கிழமை மூன்று நிமிடத்தில் அதற்கும் ஒரு பதில் இருந்தது, எண்களோடு, படத்தோடு. கெலேரா அதைச் சொல்ல வாயெடுத்ததை நான் பார்த்தேன். அதற்குள் தொரிக்கா குறுக்கே விழுந்தாள்.

“கலக்காம என்ன? இந்த எபராமா அவன் வீட்டுல சுருட்டு பத்த வச்சா எனக்கு இங்க கொமட்டுது.”

கெலேரா ஸ்டூலை விட்டு எழுந்தாள். அவள் வாய் இன்னும் திறந்தபடியே இருந்தது. பிறகு மெல்லச் சிரித்தாள். எபராமாவிடம் ஒரு சுருட்டைப் பற்றவைக்கச் சொன்னாள். காற்று வருகிற பக்கமாக நாற்பது எட்டு நடந்து போகச் சொன்னாள். வாழ்நாளிலேயே முதன்முறையாக அவர் ஒரு வேலைக்கு ஓடியது அன்றுதான். போய் நின்று கன்னம் உப்ப இழுத்து ஊதினார்.

“கொமட்டுதா தவுவு?”

தொரிக்கா மூக்கைத் தூக்கினாள். இழுத்தாள். மறுபடி இழுத்தாள். பொய் சொல்லலாமா என்று அவள் யோசித்தது எனக்குத் தெரிந்தது. “காத்து சரியில்லை” என்றாள். தலைவர் தாமே வந்து அவள் பக்கத்தில் நின்று மோந்து பார்த்தார். போதகரும் பார்த்தார். உப்பு வாடைதான்.

இருபது எட்டுக்கு வரச் சொன்னாள். யாரோ ஒருத்தி லேசாக வருகிறது என்றாள், இன்னொருத்தி இல்லை என்றாள். நாலு எட்டுக்கு வந்து அவர் ஊதியபோது தொரிக்கா மூன்று தும்மல் தும்மி, மழைக்கோட்டில் மூக்கைத் துடைத்தாள். கெலேரா அதோடு விடவில்லை. சுருட்டுக் குடிக்கிற ஆண்கள் எல்லாரையும் கூப்பிட்டாள். பதினொரு பேர் வந்தார்கள். பட்டியைச் சுற்றி நெருக்கமாக நிற்கவைத்து ஊதச் சொன்னாள். நடுவில் பெண்கள் நாங்கள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, இருமலும் சிரிப்புமாக ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியவில்லை.

“இந்தத் திட்டு முழுக்க நான் எண்ணிப் பாத்தேன்” என்று புகைக்குள் இருந்து கத்தினாள் கெலேரா. “ஒன்னுக்கும் அடுத்ததுக்கும் எபராமா முதல்ல நின்ன தூரம். இப்ப இங்க இருக்கிறது இந்தத் தூரம்.”

புகை கலைந்தது. தலைவர் தூரத்தில் தடைக் கழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குக் காவல் போட்டவர் அவர். இரவில் திருட வந்த வெளியூர்ப் படகுகளை விரட்டியவர் அவர்.

“அப்ப நாம மூனு வருஷமா காவல் காத்தது விதவைங்களையா?” என்றார்.

“விதவைன்னா என்ன” என்றாள் தொரிக்கா. “ஆளை நாலு எட்டுக்குள்ள கொண்டாந்து விடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்.”

தலைவர் சிரித்தார். அவர் சிரிக்கத் தொடங்கினால் தொப்பை தனியாகக் குலுங்கும். குலுங்கி முடிந்ததும் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி தீர்ப்பைச் சொன்னார். மலைக்காரி கொள்ளையடித்துவிட்டாள். தவுவு எடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் நமவுலாவில் இல்லை. பட்டி அவளுடையது, வெயில் காலம் முடிகிற வரைக்கும் கை வைக்கிறவன் அவளிடம் பேசிக்கொள்ளட்டும். ஆனால் கொள்ளைக்குக் கொள்ளை உண்டு.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள் தொரிக்கா. “உங்க மலையில இருந்து ஆறு பன்னி. நல்ல சேம்பு இருபது கட்டு. ஆத்து இறால், நானூறு பேருக்கு. எடுத்துக்கிட்டேன். போன் போடு.”

கெலேரா அங்கேயே, சேற்றில் நின்றபடி, ஊரே கேட்க மாமாவுக்குப் போன் செய்தாள். அவள் மாமா அந்தப் பக்கம் கத்தியது எங்களுக்கெல்லாம் கேட்டது. படிக்க அனுப்பினால் பன்றியைத் தூக்கிக் கொடுக்கிறாளே, ஆறு போதுமா, மீன்முள் தின்னிகளுக்கு எட்டு வேண்டாமா என்றார். எட்டு வந்தது.

விருந்தில் எங்கள் பந்தியில் கடலட்டை இல்லை. வந்தவர்கள் எங்கே என்று கேட்டார்கள். மலைத் திருடி கொண்டுபோய்விட்டாள் என்று தலைவர் கதையை முழுக்கச் சொன்னார், எபராமா சுருட்டோடு நடித்துக் காட்டினார். அன்று மட்டும் நான் எண்ணியவரை ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் கூட்டம் பெரிதானது. சாப்பிட்டுவிட்டு இரண்டு ஊர்த் தலைவர்கள் பட்டியைப் போய்ப் பார்த்தார்கள். தங்கள் திட்டிலும் விதவைகள்தான் இருக்கும் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டு போனதை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நான் கேட்டேன். அவர்களில் ஒருவர் கெலேராவைக் கூப்பிட்டு, தங்கள் ஊருக்கும் வந்து கொள்ளையடிக்க முடியுமா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. ஜெயித்தாயிற்று, ஆனால் கடலட்டைகள் அவள் சொன்னபடி கேட்க வேண்டுமே. தினமும் மதியத்திலிருந்து பொழுது சாயும் வரை, அடியில் கண்ணாடி பதித்த பெட்டியைத் தண்ணீரில் அழுத்திப் பார்த்துக்கொண்டே படகில் கிடந்தாள். முதுகு தோலுரிந்தது. ஊரில் எல்லாரும் போகும்போதும் வரும்போதும் இன்னும் முதலிரவு ஆகவில்லையா என்று கேட்டார்கள். தொரிக்கா பாய் ஒன்றை முடைந்து கொண்டுவந்து பட்டிக் கழியில் கட்டிவிட்டாள்.

டிசம்பர் அமாவாசை கழிந்த மூன்றாம் நாள். நாலு மணி இருக்கும். நல்ல வெயில். படகில் கெலேராவும் தொரிக்காவும் நானும். கண்ணாடிப் பெட்டி என் கையில் இருந்தது. அடியில் ஒன்று, மணலிலிருந்து முன்பாதியைத் தூக்கியது. தூக்கத்தில் யாரோ கூப்பிட்டது போல் எழுந்து, இப்படியும் அப்படியும் ஆடியது. அதன் தலையிலிருந்து வெள்ளை நூல் ஒன்று கிளம்பியது. நூல் விரிந்து புகையானது. கெலேராவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

பக்கத்தில் இன்னொன்று எழுந்தது. அதற்கப்பால் மூன்று. பிறகு எங்கு பார்த்தாலும் நின்றன, ஆடின. புகையும் புகையும் சேர்ந்து, பட்டித் தண்ணீர் முதல் பிழிவுத் தேங்காய்ப்பால் போல் ஆகிவிட்டது. தொரிக்கா கரையைப் பார்த்துக் கூவினாள். எபராமாதான் முதலில் வந்து விழுந்தார், கைலியோடு. தலைவர் வந்தார். பெண்கள் வந்தார்கள். கழிகளைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் ஊரே சுற்றி நின்று, ஒன்றும் புரியாதவர்கள் போல எல்லாரும் கெலேராவையே பார்த்தார்கள். அவள் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்கள்.

அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் திறந்தாள். மூடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திறந்தாள்.

தொரிக்கா மழைக்கோட்டுப் பையிலிருந்து கெலேராவின் கைபேசியை எடுத்தாள், அதையும் எப்போது எடுத்துக்கொண்டாளோ. எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினாள்.

“மூனு நிமிஷம் முடிஞ்சுது” என்றாள். “வெளிய போடி.”